மூன்றாம் நம்பர் வயரும் என்ர கால் விரலும்

வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில, என்ர அக்காவின்ர புருசன் ஒரு கொமியூனிகேஷன் போட்டார். கொமியூனிகேஷன் எண்டா வேற ஒண்டுமில்லை, வெளிநாட்டுக் கோலும் இன்டர்நெட்டும் விக்கிற கடை. சண்டைக் காலம். அந்த நேரம் வெள்ளவத்தையில தேத்தண்ணிக் கடையை விட இதுகள்தான் கூட. ஒரு வீட்டில ஆரும் வெளிநாட்டில இல்லையெண்டா அந்த வீட்டைச் சனம் பரிதாபமாப் பாக்கும். அத்தான் கடையைப் போட்டிட்டு, உள்ளுக்கு இருக்க ஆள் இல்லையெண்டு என்னைக் கொண்டுவந்து இருத்தினார். நான் ஏ.எல். சோதனையில எடுத்த மார்க்ஸுக்கு இதுவே பெரிய உத்தியோகம் எண்டு அக்கா சொன்னா. அக்கா சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

கடைக்குள்ள ஆறு கொம்பியூட்டர். ஆறுக்கும் சேர்த்து ஒரேயொரு லைன். என்ர மேசைக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில இருந்து ஆறு நீல வயர் ஆறு பக்கம் போகும். ஆறு பேரும் ஒரே நேரத்தில இழுத்தா ஒருத்தருக்கும் ஒழுங்கா வராது. அத்தான் எடுத்தது வீட்டுப் பக்கேஜ். கடைக்கெண்டு வேற பக்கேஜ் இருந்தது, அது கெதியா ஓடும், விலையும் கெதியா ஏறும். "கடையும் வீடு மாதிரித்தானே, நீ அங்கதானே கிடக்கிறாய்" எண்டார் அத்தான். அந்த மனுசனோட கதைச்சு வெல்ல ஏலாது.

இப்ப எனக்குக் கோபம் வாற இடம் வருது. அந்த லைனைத் தந்த கொம்பனிதான் வெளிநாட்டு ரெலிபோன் கோலையும் வித்தது. நாங்கள் இன்டர்நெட்டுக்குள்ளால மலிவாக் கோல் எடுத்தா அவங்களுக்குப் பொறுக்குமே? பின்னேரம் நாலு மணியானாப் போதும். ஈமெயில் ஓடும், பேப்பர் ஓடும், கொம்பனியின்ர சொந்தப் பக்கம் கண் மூடித் திறக்க முதல் வரும், அதில விளம்பரத்துக்கு ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கும். கோல் மட்டும் தண்ணிக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி வரும். நான் காசு குடுத்து வாங்கின லைனுக்குள்ளால நான் என்னத்தை அனுப்பினா உவங்களுக்கு என்ன? தபால்காரன் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறதை விட்டிட்டு, உள்ளுக்கு இருக்கிறது காதல் கடிதமோ கரண்ட் பில்லோ எண்டு பிரிச்சுப் பாத்து, காதல் கடிதமெண்டா நொண்டி நொண்டி நடந்தா விடுவமே? இவங்களை மட்டும் விட்டிருந்தம்.

நான் விடேல்லை. கிழமைக்கு நாலு தரம் கொம்பனிக்கு அடிச்சு ஏசுவன். சிங்களத்துக்கு ஒண்டு, தமிழுக்கு ரெண்டு, இங்கிலீசுக்கு மூண்டு எண்டு குரல் சொல்லும். நான் ரோசத்தில எப்பவும் ரெண்டைத்தான் அமத்துவன். வயலின் ஒண்டு ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியா ஒரு பிள்ளை வந்து சுத்தமான சிங்களத்தில "ஆயுபோவன்" எண்டுவா. ரெண்டை அமத்தினதுக்கு அதுதான் கூலி. எங்கட கோல் மட்டும் ஏன் மெதுவா வருது எண்டு கேட்டா, "ஒக்கோட்டம எக வகே, சேர்" எண்டுவா. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானாம். அவவுக்கு அதை விட வேற வசனம் பாடமில்லை எண்டு நினைக்கிறன்.

சரி, கொம்பனியை இவ்வளவு திட்டுற நான் என்ன செய்தனான்? கேளுங்கோ. ஒண்டாம் ரெண்டாம் நம்பரில பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியள் துவக்குச் சூட்டு விளையாட்டு விளையாடுவாங்கள். வெளியில நடக்கிறது காணாதெண்டு உள்ளுக்கும் சுடுவாங்கள். அஞ்சாம் நம்பரில ஒரு மாமி கனடாவில பேரப்பிள்ளை பிறந்திருக்கெண்டு அழுதுகொண்டு நிப்பா, குரல் வராது. எனக்கு மனம் பொறுக்காது. காலால மெல்லமா ஒண்டாம் ரெண்டாம் வயரைத் தட்டி விட்டிருவன். மாமிக்குப் பேரப்பிள்ளையின்ர அழுகை மணி மாதிரிக் கேக்கும். பெடியள் "அண்ணை, லைன் இல்லை!" எண்டு கத்துவாங்கள். "நான் என்ன செய்ய, கொம்பனிக்காரன்ர வேலை" எண்டுவன். அடிக்கடி கழட்ட வசதியா ஆறு வயரின்ர முனையில கழராமல் பிடிக்கிற கிளிப்பையும் உடைச்சு வைச்சிருந்தன். செருப்பைக் கழட்டிப்போட்டுப் பெருவிரலால ஒரு தள்ளு. அவ்வளவுதான். கலியாணக் கோலுக்கு முதலிடம், பிள்ளைப்பேறு ரெண்டாமிடம், விசாப் படிவம் மூண்டாமிடம், துவக்குக்காரருக்கு மிச்சமிருந்தா. இதை நான் நீதி எண்டு நினைச்சன்.

ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை. அதுதான் முசுப்பாத்தி. ரோட்டை மறிச்சா ஏன் எண்டு கேக்காமல் சுத்திப் போற சனம். ஆமிக்காரன் பையைத் திறவெண்டா திறக்கிற சனம். வடக்குப் பக்கம் ரெலிபோன் வேலை செய்யாட்டி, "சரி, ஏதோ நடந்திருக்கு" எண்டு வீட்டுக்குப் போற சனம். அதுகளுக்கு லைன் கட்டானது ஒரு விசயமே இல்லை. என்ர கால் விரல் அந்தப் பழக்கத்துக்குள்ள நல்லாக் குளிர் காய்ஞ்சது.

அப்பத்தான் அவ வந்தா.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வேதக்காரர், கிறிஸ்தவச் சனம். கோடுகள் இருக்கிற புதுக்கடையில ஒரு லோயரிட்ட கிளாக் வேலை. கிழமையில மூண்டு நாள் வேலை முடிய ரெண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவா. கொட்டாஞ்சேனையிலயும் கடைகள் கிடந்ததுதான், ஆனா அங்க எந்தக் கதிரையில இருந்தாலும் பக்கத்துக் கதிரையில ஒரு மாமி இருப்பா, இரவுக்குள்ள ஒழுங்கை முழுக்கக் கதை பரவும். முதல் நாள் வந்த உடன நான் சுவரில ஒட்டியிருந்த நோட்டீசை நிண்டு வாசிச்சா. "நிர்வாகம் பொறுப்பல்ல" எண்டு பெரிசா எழுதி வைச்சிருந்தன்.

"எதுக்குப் பொறுப்பில்லை எண்டு போடேல்லையே, அண்ணா. இது கோட்டில நிக்காது" எண்டா.

பேனையை வாங்கி, கீழ வடிவான எழுத்தில எழுதினா: லைன் கட்டாகினால் நிர்வாகம் பொறுப்பல்ல. எழுதிப்போட்டு மூண்டாம் நம்பரில போய் இருந்தா. நான் அந்த இடத்திலயே விழுந்திட்டன். பொய் சொல்லேல்லை, என்ர வாழ்க்கையில அதுக்கு முதல் ஒருத்தரும் என்னைத் திருத்தினது எனக்குப் பிடிச்சதில்லை.

ஆனா "அண்ணா" எண்டு கூப்பிட்டாவே. கொழும்பில கடைக்காரனை அண்ணா எண்டுதான் கூப்பிடுவினம், அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை எண்டு நான் எனக்குச் சொல்லிக்கொண்டன். மற்றப் பக்கத்து விசயம் அதை விட மோசம். அவ வந்தது சுவிஸில இருக்கிற ஒரு மாப்பிள்ளையோட கதைக்க. ரெண்டு வீட்டுக்காரரும் பேசி முடிச்சிருந்தினம், ஆனா பிள்ளை ஒரு நிபந்தனை போட்டிருந்தா. மூண்டு மாசம் கதைச்சுப் பாக்கிறது. பிடிச்சா ஓம், பிடிக்காட்டி இல்லை. லோயரிட்ட வேலை செய்யிற பிள்ளையெல்லே. மாப்பிள்ளைக்குப் பின்னேர வேலை, அதுக்குப் போக முதல் கமராவுக்கு முன்னால வந்து இருப்பார். அவ ஓம் எண்டா சுவிஸுக்குப் போயிருவா. எனக்கு அவ போகக்கூடாது. அவ்வளவுதான் விசயம், வேற ஒண்டும் இல்லை.

முதல் கிழமை நான் நல்லவனா இருந்தன். ரெண்டாம் கிழமை ஒரு நாள் மாப்பிள்ளை ஏதோ பகிடி விட, அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. என்ர விரல் தானாப் போய் மூண்டாம் வயரைத் தள்ளிச்சு. கடவுளறிய, நான் யோசிக்கவே இல்லை.

திரையில மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி அப்பிடியே நிண்டார், பல்லு டொக்டருக்குக் காட்டுற மாதிரி. அவ ஹெட்போனைக் கழட்டிக் கழுத்தில போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பாத்தா. உடன ரெலிபோனைத் தூக்கிக் கொம்பனிக்கு அடிச்சன். "என்ன விளையாட்டு விளையாடுறியள்? மனுசர் காசு குடுக்கிறதில்லையோ? ஒரு பிள்ளை ரெண்டு பஸ் மாறி வந்து காத்துக்கொண்டிருக்கு!" எண்டு கத்தினன். அங்கால வயலின் ஓடிக்கொண்டிருந்தது. வயலினுக்குத்தான் ஏசினனான். கத்திக் கத்தி விரலால வயரைத் திருப்பிச் செருகினன். மாப்பிள்ளை வாயை மூடினார்.

பேந்து அது ஒரு வழக்கமாப் போச்சுது. அவர் பகிடி விட்டா ஒரு தள்ளு. தன்ர வீட்டைக் கமராவால சுத்திக் காட்ட வெளிக்கிட்டா, குசினிக்கு வர முதல் ஒரு தள்ளு. பனியைக் காட்ட யன்னலைத் திறந்தார், பனி வந்ததோ இல்லையோ ஆருக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் அவ ஹெட்போனைக் கழட்டிப்போட்டுத் திரும்பிப் பாப்பா, நான் வயலினுக்கு ஏசுவன். கொஞ்ச நாளில அவவின்ர பேச்சும் மாறிச்சுது. "இஞ்ச பாருங்கோ, இண்டைக்கும் லைன் சரியில்லையோ?" எண்டுவா. "இஞ்ச பாருங்கோ, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" எண்டுவா. லைன் பிரச்சினையில பிள்ளைக்கு எரிச்சல் வந்திட்டுது, மரியாதையும் குறைஞ்சிட்டுது எண்டு நினைச்சு நான் இன்னும் உரக்கக் கொம்பனிக்கு ஏசினன்.

எனக்கு மனச்சாட்சி குத்தாமல் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனன். நான் சைவம், ஆனா அந்தோனியார் ஆரெண்டு பாத்து உள்ளுக்கு விடுறதில்லை. மெழுகுதிரி ஒண்டு கொளுத்தி, "ஐயா, மூண்டு மாசம் முடியும் வரைக்கும் இந்த லைனைச் சரிவர விட்டிடாதேங்கோ" எண்டு கேட்டன். கண்ணைத் திறந்து பாத்தா, நாலு பேருக்கு அங்கால அவ நிக்கிறா. அவவின்ர கையில பெரிய திரி ரெண்டு. அவ லைன் சரிவர வேணுமெண்டு கேக்க, நான் சரிவரக்கூடாதெண்டு கேட்டா, அந்தோனியார் என்ன செய்வார்? அங்கயும் வீட்டுப் பக்கேஜ், கடைப் பக்கேஜ் எண்டு இருந்தா நான் துலைஞ்சன். ஓடிப்போய் இன்னும் ரெண்டு திரி வாங்கிக் கொளுத்திப்போட்டுத்தான் பஸ் ஏறினன்.

அந்த மாப்பிள்ளை எங்கட ஆளே இல்லை எண்டு அப்பத்தான் எனக்கு விளங்கத் தொடங்கிச்சு. பிறந்தது எங்கட ஊரிலதான், ஆனா பன்னிரண்டு வருசம் சுவிஸில இருந்து பழுதாப் போனார். ஒண்டு கட்டானா ஏன் கட்டாகுது எண்டு கேக்கிற மனுசன்! முதலில புது ஹெட்போன் வாங்கினார். பேந்து புதுக் கமரா. அதில மனுசன்ர மூக்கில இருந்த மரு வரைக்கும் தெரிஞ்சுது. பேந்து அங்கத்தைக் கொம்பனியையே மாத்திப்போட்டார். கடைசியா என்ன செய்தார் தெரியுமோ? கொழும்புக் கொம்பனிக்கு ஜெர்மன் மொழியில ரெண்டு பக்கம் முறைப்பாட்டுக் கடிதம் எழுதி அனுப்பினார். நான் எத்தினை மாசமா ரெண்டை அமத்தி ஏசினதுக்கு அசையாத கொம்பனி, விளங்காத பாஷையில ஒரு கடிதத்தைக் கண்ட உடன அடுத்த கிழமையே டெக்னீசியனை அனுப்பிச்சு.

டெக்னீசியன் வயசான மனுசன், நல்ல மனுசன். வடையைச் சாப்பிட்டு, பிளேன் டீயைக் குடிச்சிட்டு மேசைக்குக் கீழ பூந்தார். அவ மூண்டாம் நம்பரில இருக்கிறா.

"மல்லி, இந்த வயருக்குக் கிளிப் இல்லை" எண்டார், என்னைச் சிங்களத்தில தம்பியெண்டு கூப்பிட்டு.

"எலி, அய்யே" எண்டன் நான். "எலி கடிச்சது."

"ஆறையுமோ?"

"பெரிய எலி."

மனுசன் வெளியில வந்து என்ர காலைப் பாத்தார். செருப்பில்லாத கால். பேந்து என்ர முகத்தைப் பாத்தார். "கோல் எண்டா எங்கட பக்கம் கொஞ்சம் இறுக்கித்தான் வைச்சிருக்கு, மேல இருந்து ஓடர். எஹெம தமய், மல்லி, அது அப்பிடித்தான். ஆனா எங்கட இறுக்கம் உப்பிடிக் கட்டாகாது. மெதுவாத்தான் கொல்லும். கட்டாகிறது உங்கட பக்கம்" எண்டு சொல்லி, பத்துப் பன்னிரண்டு புதுக் கிளிப்பை மேசையில வைச்சிட்டுப் போனார். நான் மூண்டாம் நம்பர்ப் பக்கம் கள்ளப் பார்வை பாத்தன். அவவின்ர ஹெட்போன் கழுத்திலதான் கிடந்தது, ஆனா அவ ஏதோ ரைப் பண்ணிக்கொண்டிருந்தா. கேட்டிருக்காது எண்டு என்னை நானே ஆறுதல்படுத்தினன். கிளிப்பை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டினன். பின்னேரமே விரல் திரும்ப வேலைக்குப் போச்சுது.

மூண்டு மாசம் முடிய ஒரு கிழமை கிடக்கேக்க அவ வாறதை நிப்பாட்டினா. திங்கள் இல்லை, புதன் இல்லை, வெள்ளி இல்லை. நான் வெண்டிட்டன்! லைனோட கிடந்து மாரடிக்க ஏலாமல் சுவிஸ்காரன் விட்டிட்டான் எண்டு எனக்குப் புழுகமெண்டாப் புழுகம். அண்டைக்குத் துவக்குக்காரப் பெடியளுக்கே முழு ஸ்பீட் குடுத்தன். ஷேவ் எடுத்தன், புதுச் சேட்டு வாங்கினன். அவ திரும்ப வந்தா என்ன கதைக்கிறதெண்டு வயலின் ஓட ஓட யோசிச்சன்.

அடுத்த சனிக்கிழமை அவ வந்தா. பின்னால ஒரு மனுசன். மூக்கில மரு.

எனக்கு உடன விளங்கேல்லை. அந்த ஆளை நான் எப்பவும் திரையில உறைஞ்சபடிதான் பாத்தனான், நடந்து வரக் கண்டதில்லை. ஆள் நேர வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார், கழட்டி எடுக்கிற மாதிரிக் குலுக்கினார்.

"அண்ணை, உங்களுக்குத்தான் முதல் நன்றி சொல்லவேணும்" எண்டார். "உங்கட லைன் நல்லா இருந்திருந்தா நான் இன்னும் ஒரு வருசம் கமராவுக்கு முன்னால இருந்து அலட்டிக்கொண்டிருந்திருப்பன். ஒவ்வொரு நாளும் கட்டாகக் கட்டாக, இது சரிவராது, நேரப் போய்த்தான் கதைக்கவேணும் எண்டு ரிக்கெட் போட்டன். நேர கண்டிருக்காட்டி இவ ஓம் எண்டிருக்கவே மாட்டாவாம்."

பையில இருந்து கலியாணக் காட்டை எடுத்து, மஞ்சள் பூசின ஓரத்தை எனக்கு நேர நீட்டினார். வேதக்காரரெண்டாலும் மஞ்சள் பூசியிருந்தினம். நான் வாங்கினன். சிரிச்சன் எண்டும் நினைக்கிறன். அவர், "ஒரு நிமிசம், ஓட்டோ ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாறன்" எண்டு வெளியில போனார். நல்ல மனுசன். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது, ஏசுறதுக்குக் கூட ஒரு சாட்டு இல்லாமல் பண்ணிப்போட்டார்.

அவ போய் மூண்டாம் நம்பர்க் கதிரையில இருந்தா. கொம்பியூட்டரைப் போடேல்லை. குனிஞ்சு என்ர மேசைக்குக் கீழ பாத்தா.

"கால் விரல் சுகமா இருக்கோ?"

நான் காலைக் கதிரைக்குக் கீழ இழுத்தன்.

"ரெண்டாம் கிழமையே கண்டிட்டன்" எண்டா. கோபமில்லாமல்தான் சொன்னா. சுவரில இருந்த நோட்டீசைக் காட்டினா. "இதை நான்தானே எழுதித் தந்தனான். லைன் கட்டாகினா நிர்வாகம் பொறுப்பில்லை. கட் பண்ணினாப் பொறுப்புத்தான்."

"மிஸ், அது வந்து..."

"ஒவ்வொரு தரமும் நீங்கள் கட் பண்ண, நான் ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டு உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப ஏதும் சொல்லுவார், இப்ப ஏதும் சொல்லுவார் எண்டு. நீங்கள் ரெலிபோனுக்குக் கத்துவீங்கள். அங்கால பாட்டு ஓடுறது எனக்கு இங்க வரைக்கும் கேக்கும். அந்தோனியாரிட்டயும் போய்க் கேட்டனான், இந்த மனுசனை வாயைத் திறக்க வையுங்கோ எண்டு. நான் அண்ணா எண்டு கூப்பிடுறதை நிப்பாட்டி எத்தினை நாள்? அதாவது விளங்கிச்சோ?"

"இஞ்ச பாருங்கோ" எண்டெல்லோ பேந்து கூப்பிட்டவ. எங்கட வீட்டில அம்மா அப்பாவை நாப்பது வருசமா அப்பிடித்தான் கூப்பிடுறா. அதைக் கேட்டு வளந்த மடையன் நான், மரியாதை குறைஞ்சிட்டுது எண்டு நினைச்சவன். ரெண்டு பேரும் ஒரே விசயத்துக்குத்தான் திரி கொளுத்தியிருக்கிறம், நான் மட்டும் பிழையான வசனத்தில கேட்டுப்போட்டன்.

அவ என்னைப் பாத்துக்கொண்டிருந்தா. அந்த நேரத்திலயாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ர வாயில இருந்து என்ன வந்தது தெரியுமோ? மூண்டு மாசமாச் சொல்லிச் சொல்லிப் பழகின வசனம்தான் வந்தது.

"கொம்பனிக்காரன்ர வேலை, மிஸ்."

அவ சிரிச்சா. வாயைப் பொத்திக்கொண்டு, நான் முதல் முதல் வயரைத் தள்ளின அண்டைக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. பேந்து சிரிப்பை நிப்பாட்டினா. வெளியில ஓட்டோ வந்து ஹோர்ன் அடிச்சுது. "போயிட்டு வாறன், அண்ணா" எண்டு சொல்லி எழும்பிப் போனா.

நான் லாச்சியைத் திறந்து டெக்னீசியன் தந்த கிளிப்பெல்லாத்தையும் எடுத்தன். மேசைக்குக் கீழ பூந்து, ஆறு வயருக்கும் புதுக் கிளிப் போட்டு, டிக்கெண்டு சத்தம் கேக்குமட்டும் இறுக்கிச் செருகினன். வெளியில வந்து செருப்பைப் போட்டன். அண்டைக்குப் பின்னேரம் முழுக்க லைன் ஒருக்காலும் கட்டாகேல்லை, மூண்டாம் நம்பரில ஒருத்தரும் இருக்கேல்லை.